படம் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு படங்கள், டிவி, சினிமாச் செய்தி மூன்றையும் பற்றி எழுதிவருகிறேன். வாசித்தவர்கள் கேட்டது, சந்தையில் மறித்துக் கேட்டது, திட்டிக்கொண்டே கேட்டது எல்லாம் இங்கே இருக்கிறது. கேட்டவர்களின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

நீங்கள் யார்? சினிமாவில் வேலை செய்தவரா?

இல்லை. டிக்கட் எடுத்துப் படம் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். "ஒரு படம் எடுத்துப் பாரும், அப்ப தெரியும் கஷ்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் கஷ்டப்பட்டு எடுத்த படம் என்பதற்காக டிக்கட்டில் யாரும் கழிவு தருவதில்லையே.

ஏன் இப்படி முகத்தில் அடித்த மாதிரி எழுதுகிறீர்கள்? கொஞ்சம் பதமாகச் சொன்னால் என்ன?

பதமாகச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதியில் சிறு தொய்வு, குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம்." இந்த வசனத்தை எந்தப் படத்துக்கும் பொருத்தலாம். படம் சரியில்லை, ஆனால் அடுத்த படத்தின் சிறப்புக் காட்சிக்கும் என்னை அழைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். என்னை யாரும் எந்தக் காட்சிக்கும் அழைப்பதில்லை. ஆகவே எனக்கு இழக்க ஒன்றும் இல்லை.

காட்டமாக எழுதுவதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். திரைக்கதை, நடிப்பு, படத்தொகுப்பு, வசனம், இசை இவற்றை எப்படியும் பிய்த்துப் போடலாம். நடிகையின் உடம்பு, ஒருவரின் சாதி, மதம், அவர் வீட்டுப் பிரச்சினை, இந்தப் பக்கம் நான் போவதில்லை. நடிப்பு வரவில்லை என்று எழுதினால் "வன்மம்" என்று சண்டைக்கு வருகிறவர்கள், ஒரு நடிகை குண்டாகிவிட்டார் என்று எழுதினால் சிரித்துவிட்டுப் பகிர்கிறார்கள். அது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறீர்களா?

திருகோணமலையில் இருக்கிறவனைத் தேடிவந்து யார் காசு கொடுக்கப்போகிறார்கள்? கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நல்லது: நீங்கள் தினமும் வாசிக்கிற சினிமாச் செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் அந்தப் படத்தை எடுத்தவர்கள்தான். தமிழ் சினிமாவில் மக்கள் தொடர்பாளர், அதாவது பி.ஆர்.ஓ. என்ற வேலை 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தோடு தொடங்கியது. முதல் பி.ஆர்.ஓ. பிலிம் நியூஸ் ஆனந்தன். அவரைப் பற்றி எனக்கு மரியாதைதான். எந்தப் படம் எந்தத் திகதியில் வந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த மனிதர் அவர். அவர் இல்லாவிட்டால் தமிழ் சினிமாவின் பாதி வரலாறு குப்பைக்குப் போயிருக்கும். பி.ஆர்.ஓ. வேலையில் களவு இல்லை. இவர் படத்தின் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பி.ஆர்.ஓ. அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அப்படியே எடுத்து, மேலே "நமது நிருபர்" என்று போடும்போதுதான் களவு தொடங்குகிறது. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு படத்தின் பெயரைத் தேடி, வருகிற செய்திகளில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். ஒரே வசனம், ஒரே வரிசை, சில நேரம் ஒரே எழுத்துப்பிழையும் இருக்கும். அப்புறம் சென்னையில் பத்திரிகையாளர் சந்திப்பில் கொடுபடுகிற, காசு வைத்த 'கவர்' இருக்கிறது. எல்லோரும் வாங்குவதில்லை. வாங்காதவர்கள் நொந்துபோய்ச் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. கவர் வாங்கியவர் பொய் எழுதுவார் என்றும் இல்லை. எதையெல்லாம் எழுதாமல் விட்டார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சினிமாச் செய்தி முந்தி ஒழுங்காக இருந்தது, யூடியூப் வந்துதானே கெடுத்தது?

முந்தி என்றால் எப்போது? 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார், பிறகு 'இந்துநேசன்'. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதுவதும், எழுதாமல் இருக்கக் காசு வாங்குவதும்தான் தொழில் என்று பேசப்பட்டது. 1944 நவம்பரில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதர் அதற்குப் பிறகு பழைய பாகவதராக எழும்பவே இல்லை.

வம்பு எழுதுவது தமிழ் சினிமாவின் கூடப்பிறந்தது. அப்போது ஒரு வம்பை அச்சுக்கோத்து, அடித்து, கடைக்கு அனுப்ப வேண்டும். இப்போது யூடியூபுக்கு ஒரு முகப்புப் படம் (தம்ப்நெயில்) செய்தால் போதும்.

முதல் நாளே நூறு கோடி என்று போஸ்டர் போடுகிறார்கள். நம்பலாமா?

அதிகம் வருகிற கேள்வி இது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் எந்தப் படத்துக்கு எத்தனை டிக்கட் விற்றது என்று நாடு முழுக்க எண்ணி, எல்லோரும் பார்க்கக்கூடிய மாதிரி வெளியிடும் பொது அமைப்பு எதுவும் இல்லை. போஸ்டரில் வருவது தயாரிப்பாளர் சொல்கிற கணக்கு. ட்விட்டரில் 'ட்ராக்கர்' என்று இருப்பவர்கள் ஒன்லைன் முன்பதிவில் நிரம்பிய இருக்கைகளைப் பார்த்தும், தெரிந்த விநியோகஸ்தருக்குப் போன் எடுத்தும் போடுவது ஊகம். சிலர் கவனமாக ஊகிப்பார்கள். சிலர் எந்த நடிகரின் ரசிகர் என்று அவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, அந்த நூறு கோடி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அது 'கிராஸ்', சனம் டிக்கட்டுக்குக் கொடுத்த மொத்தக் காசு. இந்தியாவில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; தமிழ்நாட்டில் உள்ளூராட்சி கேளிக்கை வரி வேறு. வரி போனால் மிச்சம் 'நெட்'. அதில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு விநியோகஸ்தருக்குக் கொடுப்பது 'ஷேர்'. முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பங்கு கூட, வாரம் போகப்போகத் தியேட்டர் பங்கு ஏறும். முதல் மூன்று நாட்களுக்கு இவ்வளவு சத்தம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். விளம்பரச் செலவு, தரகு எல்லாம் கழித்தால் தயாரிப்பாளர் கைக்கு வருவது நூறில் பாதிக்குக் கீழே இறங்கிவிடுவது வழமை. நடிகரின் சம்பளமே அதைவிடக் கூட இருக்கும் படங்களும் உண்டு.

அது மட்டும் இல்லை. டிவி உரிமை, ஓ.டி.டி. உரிமை, பாட்டு உரிமை என்று படம் வருவதற்கு முன்பே விற்பனை நடக்கிறது. தியேட்டரில் ஈயோட்டிய படம் தயாரிப்பாளருக்கு நட்டம் இல்லாமல் முடியலாம். தியேட்டர் நிரம்பிய படத்தை அதிக விலை கொடுத்து வாங்கிய விநியோகஸ்தர் கடனாளியாகலாம். 'ஹிட்' என்று சொன்னால், யாருக்கு ஹிட் என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கூடுதல் குழப்பம் இருக்கிறது. "இலங்கையில் இத்தனை கோடி வசூல்" என்று ஒரு போஸ்டர் வந்தால் அது எந்த ரூபாய்? ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல். சாதனை வேண்டுமென்றால் இலங்கைக் காசில் சொல்வார்கள், வரி என்றால் வேறு காசில் யோசிப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எங்கள் ஊர் உவர்மலையில் இருக்கிற ஒரு பெடியன், சென்னையில் இருக்கிற நடிகரின் கோடிக் கணக்குக்காகக் கிண்ணியாப் பெடியனோடு விடிய விடியச் சண்டை பிடிக்கிறான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சதம் வராது. 2023 ஜனவரியில் ஒரு பெரிய நடிகரின் படம் வந்த இரவில், சென்னையில் லொறியில் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி போடுவதை நிறுத்தினார்கள்.

விமர்சனத்தால்தான் படங்கள் ஓடாமல் போகின்றன என்கிறார்களே?

2024 நவம்பரில் 'கங்குவா' வந்து அடிவாங்கியபோது தயாரிப்பாளர்கள் தரப்பு இதைத்தான் சொன்னது. தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்றார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சொல்வது உரிமை என்று கூறி நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை.

வாசலில் மைக் நீட்டுகிறவர்கள் மேல் எனக்கும் பிரியம் இல்லை. படம் தொடங்கமுன்னே "வேற லெவல்" என்று கத்துகிற ஆளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் "வேற லெவல்" என்று கத்தியபோது எந்தத் தயாரிப்பாளரும் நீதிமன்றம் போகவில்லை. படம் வருமுன் ஒரு மாதம் எல்லா அலைவரிசையிலும் புகழ்ந்து தள்ளுவார்களாம், வந்த பிறகு மூன்று நாள் நாங்கள் வாய் பொத்த வேண்டுமாம். காசைக் கொடுத்தவனுக்கு வாய் இல்லையா?

ஏன் நீங்கள் மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடுவதில்லை?

போட்டால் சனம் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனந்த விகடன் நீண்ட காலம் மதிப்பெண் போட்டது; '16 வயதினிலே'வுக்கு 62.5 கொடுத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு ஐந்துக்கு மூன்றரைக்குக் கீழே போட்டால் அவமானம் என்று ஆக்கிவிட்டார்கள்.

திருகோணமலையில் இருந்து பார்க்கிறபோது படம் வேறு மாதிரித் தெரியுமா?

தெரியும். முதலில், இங்கே படம் பார்க்கிற பழக்கமே வேறு வழியால் வந்தது. அப்பா தலைமுறைக்குக் கலரி, ஓடிசி, பல்கனி என்று வகுப்பு வகுப்பாக இருக்கை வைத்த தியேட்டர் இருந்தது. சண்டைக் காலத்தில் இரவுக் காட்சி என்ற பேச்சே இல்லை. கிராமங்களில் டிவியும் 'டெக்' என்கிற வீடியோ பிளேயரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் ஓடும். மூன்றாவது படத்தின் கதை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படிப் பார்த்தவர்களுக்கு ஒளிப்பதிவு என்றால் என்ன, ஒலி என்றால் என்ன? கதையும் வசனமும் பாட்டும்தான் படம். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் படத்தைப் பற்றிக் கதைக்கும்போது கதையை மட்டும் சொல்வதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது 49ஆம் இலக்க பஸ். கொழும்பு போகிற இரவு பஸ்ஸில் முன்னால் ஒரு திரை, தலைக்கு மேல் ஸ்பீக்கர். தப்பி ஓட முடியாது. மோசமான படங்களை நான் முழுவதும் பார்த்து முடித்தது பெரும்பாலும் அந்த பஸ்ஸில்தான். கந்தளாய் தாண்டும்போது தொடங்கிய பழிவாங்கல் குருநாகல் வந்தும் முடியாது.

இந்தியப் படங்களில் இலங்கைத் தமிழ் பேசினால் ஏன் கோபப்படுகிறீர்கள்?

கோபம் இல்லை, சலிப்பு. அவர்களுக்கு இலங்கைத் தமிழன் என்றால் யாழ்ப்பாணத்தான். அவனும் யாழ்ப்பாணத்தில் யாரும் பேசாத மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசுவான். திருகோணமலைப் பேச்சு ஒரு கலவை: கொஞ்சம் மட்டக்களப்பு, கொஞ்சம் யாழ்ப்பாணம். மூதூர், கிண்ணியா முஸ்லிம் சனத்தின் பேச்சு இன்னொரு ஓட்டம். இவ்வளவையும் சென்னையில் இருக்கிற ஒரு உதவி இயக்குநர் படித்து வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே நடிகர்கள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறார்கள். 'தீபன்' படத்துக்கு 2015இல் கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது; அதன் நாயகன் ஷோபாசக்தி, எங்கள் ஆள். பிரெஞ்சுக்கார இயக்குநருக்குக் கண்ணில் பட்டது கோடம்பாக்கத்துக்குப் படவில்லை.

2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைப் பற்றிக் கேட்கிறார்கள். நெஞ்சில் ஈரம் உள்ள படம், சசிகுமார் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பார்த்து எல்லோரும் நல்லவர்களாக மாறுகிறார்கள். அகதியாகப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அப்படி மாறினார்கள் என்று.

எங்கட பொடியள் எடுக்கிற படங்களையாவது தாங்கி எழுதக்கூடாதா?

கூடாது. இது எனக்கு அதிகம் திட்டு வாங்கித் தருகிற பதில், ஆனாலும் மாற்றமாட்டேன்.

இலங்கைத் தமிழ்ப் படத்தின் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1962இல் 'சமுதாயம்' 16 மி.மீ. இல் வந்தது, 1963இல் 35 மி.மீ. இல் 'தோட்டக்காரி'. 1972இல் 'குத்துவிளக்கு'. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தை வைத்துத் தமிழில் 'பொன்மணி' எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 'வாடைக்காற்று'. அதாவது, இந்தியப் படங்கள் வெள்ளமாக வந்த காலத்தில் தட்டுத்தடுமாறி ஒரு தொழில் எழும்பிக்கொண்டிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில், கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். அங்கே இருந்த படச்சுருள்களும் போயின. தமிழ்ப் படம் மட்டும் இல்லை, சிங்களப் படங்களும் அந்தத் தீயில் போயின.

ஆகவே எங்களுக்கு ஒரு சினிமா இல்லாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. இவ்வளவு தெரிந்ததால்தான் இன்றைக்கு எடுக்கிறவர்களை முதுகில் தட்டி அனுப்ப மனம் வருவதில்லை. இப்போது பெடியளிடம் கெமரா இருக்கிறது, தொகுக்கிற மென்பொருள் இருக்கிறது, ட்ரோன் தாராளமாக இருக்கிறது. கோணேசர் மலையை மேலே இருந்து சுற்றிக் காட்டாத குறும்படம் ஒன்றைக் காட்டுங்கள், நான் காசு கொடுத்துப் பார்க்கிறேன். நிலாவெளிக் கடற்கரையில் காதலர்கள் மெதுவாக ஓடுவார்கள், பின்னால் இளையராஜா மாதிரி ஒரு வயலின். கதாநாயகன் மதுரைக்காரன் மாதிரி மீசை முறுக்குவான். மீன் வாடியில் வேலை செய்கிறவனை, ஐஸ் பெட்டி தூக்குகிறவனை, சீனன்குடாவில் இருந்து சைக்கிளில் வருகிறவனை யாரும் எடுப்பதில்லை.

"தாங்கி எழுது" என்று சொல்கிறவர்கள், தாங்கி எழுதிய படத்தையும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை. அதுதான் பெரிய வேடிக்கை. 2012இல் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' படத்தை எங்கள் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் சிங்களப் படங்களைப் பார்க்கச் சொல்கிறீர்களா?

ஆமாம். மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற மாவட்டத்தில், அடுத்த வீட்டுக்காரனின் படத்தைப் பார்க்காமல் இருப்பது பெருமைக்குரிய விடயம் இல்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய'வில் இருந்து தொடங்கலாம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' அடுத்தது.

திருகோணமலையில் எடுத்த படம் ஏதாவது உண்டா?

1962இல் வந்த 'ரன்முத்து தூவ'. முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படம். இயக்கியவர் மைக் வில்சன். பின்னால் நின்றவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இருவரும் 1956இல் கோணேசர் மலையடியில் கடலுக்குள் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்கள். அந்தக் கடலடி மோகம்தான் புதையல் கதையாகப் படத்துக்குள் வந்தது. காமினி பொன்சேகா நாயகன், அமரதேவ இசை. கதை சாதாரணம்தான், புதையல், வில்லன், காதல். ஆனால் எங்கள் கடலின் அடியை நிறத்தில் முதலில் பிடித்தவர்கள் அவர்கள். மைக் வில்சன் பிறகு சுவாமி சிவகல்கி என்று சாமியாராகிவிட்டார். அந்த வாழ்க்கையே தனியாக ஒரு படத்துக்குக் காணும்.

டிவி நாடகங்களைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?

எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. சரி, கேட்டதற்காக.

சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. எங்கள் வீடுகளுக்கு டிஷ் வந்த பிறகு பின்னேரம் 6 மணியில் இருந்து 10 மணி வரைக்கும் வீடு அவர்களுடையது. நாடகத்தை எழுதுகிற ஆளைத் திட்டி ஒரு பயனும் இல்லை, எழுதுவது ரேட்டிங். பார்க் என்ற அமைப்பு இந்தியா முழுக்க ஐம்பதாயிரம் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து வாராவாரம் கணக்கு வெளியிடுகிறது. கணக்கு ஏறினால் மாமியார் இன்னும் இரண்டு மாதம் விஷம் வைப்பாள். இறங்கினால் ஒரு கதாபாத்திரம் திடீரென்று விபத்தில் மாட்டும். பார்க் கணக்கு வருவதற்கு முந்திய ரேட்டிங் காலத்திலேயே 'கோலங்கள்' ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பகுதி ஓடியது.

அந்த மீட்டரில் ஒன்றுகூட எங்கள் வீடுகளில் இல்லை. நாங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தக் கதையில் ஒரு அறைகூடக் குறையாது. எங்கள் அம்மாமார் இது தெரியாமல் திரையைப் பார்த்து ஏசுகிறார்கள்.

உள்ளூர் அலைவரிசைகளில் இன்னொரு கூத்து. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட்டையும் போத்தலையும் திரையில் மங்கலாக்குகிறார்கள். நல்லது. அதே காட்சியில் கணவன் மனைவியை அறைவது மூன்று கோணத்தில், மெதுவாக, இடி முழக்கத்தோடு தெளிவாகத் தெரிகிறது.

பிக் பாஸில் எங்கள் ஊர்ப் பிள்ளை லொஸ்லியா போனபோதும் நீங்கள் ஆதரிக்கவில்லையே?

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சக்தி டிவியில் செய்தி வாசித்தவர், 2019இல் போய் இறுதிக் கட்டம் வரைக்கும் நின்றார். எனக்குப் பிடிக்காதது நிகழ்ச்சி. பல வருடம் காணாத தகப்பன் வந்து மகளைக் கண்டித்ததை, விளம்பர இடைவேளை போட்டு வெட்டி வெட்டிக் காட்டினார்கள். ஒரு வீட்டுக்குள் முடிய வேண்டிய விடயம். அப்போது இங்கே எத்தனை பேர் அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொன்னார்கள்! பிறகு படங்களில் நடித்தபோது அவற்றைப் பார்க்கவோ, நடிப்பு எப்படி என்று சொல்லவோ அதில் பத்தில் ஒருவர் வரவில்லை.

பாட்டுப் போட்டிகளும் அப்படித்தான். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணச் சிறுமி கில்மிஷா சரிகமபவில் பட்டம் வென்றதில் எனக்கும் சந்தோசம். குரல் சந்தோசம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் போரை, இழந்த உறவை, அகதி வாழ்க்கையை ஞாபகப்படுத்தி நடுவர்களை அழவைத்து, அதையே முன்னோட்டமாகப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளை பாடினால் சுருதியைப் பற்றிக் கதைக்கிறார்கள், எங்கள் பிள்ளை பாடினால் கண்ணீரைப் பற்றி.

இலங்கை வானொலியைப் பற்றி ஏதாவது?

பி.எச். அப்துல் ஹமீத் ஒரு பாட்டை அறிமுகம் செய்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர், படம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இன்றைய எஃப்.எம். அறிவிப்பாளர் தன் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டுப் பாட்டின் நடுவில் குதிக்கிறார். இதற்கு மேல் சொன்னால் கிழவன் புலம்பல் என்பீர்கள்.

சினிமாச் செய்தி எழுதுகிறவர்களை நிருபர் கணக்கில் சேர்க்க ஏன் மறுக்கிறீர்கள்?

எல்லோரையும் இல்லை. விசாரித்து எழுதுகிறவர் எந்தத் துறையிலும் நிருபர்தான். சினிமாவிலும் சம்பளப் பாக்கி, பாலியல் தொல்லை, கறுப்புப் பணம் என்று விசாரிக்க மலையளவு இருக்கிறது. நான் மறுப்பது சாவு வியாபாரிகளை. 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் அவரைத் திரும்பத் திரும்பச் சாகடித்தார்கள். மகன் அடிக்கடி காணொளி போட்டு மறுக்க வேண்டியிருந்தது. உண்மையில் அவர் இறந்த செப்டம்பர் 25ஆம் திகதி, அதே ஆட்கள் "முதலில் சொன்னது நாங்கள்" என்றார்கள்.

இந்த ஊரில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. இங்கே நிருபராக இருந்த சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தபோது சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மனிதர் நடந்த தெருவில் நின்றுகொண்டு, நடிகையின் விவாகரத்தைப் பற்றி "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்று எழுதுகிறவரையும் அதே வரிசையில் நிறுத்தச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது.

கதையின் முடிவை ஏன் வெளியே சொல்லிவிடுகிறீர்கள்?

படம் வந்து இரண்டு வாரம் வரைக்கும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் நீங்கள் பார்க்கவில்லை என்றால் அது உங்கள் சோலி.

களவாக வந்த பிரதியைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவீர்களா?

இல்லை. தியேட்டரில் இருந்து போனில் எடுத்த பிரதியில் பாதி ஆளின் தலையும் முக்கால்வாசி இருமலும்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு இருட்டாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

எனக்குப் பிடித்த படத்தைத் திட்டிவிட்டீர்கள். எப்படி மறுத்து எழுதுவது?

எந்தக் காட்சி, ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். முழுவதும் வாசிப்பேன், மறுமொழியும் போடுவேன். "உனக்கு என்ன தகுதி" என்று தொடங்கினால் முதல் கேள்விக்கான பதிலை அனுப்புவேன். அம்மாவை இழுத்தால் ஒன்றும் அனுப்பமாட்டேன். நடிகரின் படத்தை முகமாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் சொந்தப் பெயரில் வந்தால் இன்னும் நல்லது. ஊருக்குள் என்றால் கடற்கரைப் பக்கம் பின்னேரம் சந்தித்தே கதைக்கலாம், கச்சான் வாங்குவது என் செலவு.